தடம் இல்லாத வண்டி

ஒரு நகரம் தன் டிராம் போக்குவரத்தை நிறுத்த முடிவு செய்யும்போது அதற்குரிய காரணங்கள் விரிவாகச் சொல்லப்படுகின்றன. சாலை நெருக்கடி, பேருந்தின் விரைவு, பராமரிப்புச் செலவு என்று அவை நீளும். ஊழியர்களை எந்தத் துறைக்கு மாற்றுவது என்பதும் பேசப்படும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்நகர மக்களை வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் சுமந்து சென்ற வண்டிகளை என்ன செய்வது என்னும் கேள்வி மட்டும் கடைசியில் வந்து நிற்கும். பல ஊர்களில் அது கேட்கப்படுவதே இல்லை. கிடங்குப் பட்டியலும் ஏலம் எடுப்பவரின் தராசும் அதற்கு விடை கண்டுவிடுகின்றன.

இதைச் சிறிய செய்தி என்று ஒதுக்க நம்மால் இயலவில்லை. மக்கள் தந்த கட்டணத்தாலும் வரியாலும் உருவான பொதுச் சொத்து, பணி முடிந்தபின் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதைக் கொண்டு ஒரு நகரத்தின் நிருவாகத்தை எடைபோடலாம். உலக நகரங்கள் பலவும் இத்தேர்வை எழுதி முடித்துவிட்டன. தோற்றவை பல, தேறியவை சில. இந்தியாவில் அத்தேர்வை எழுத வேண்டிய கடைசி நகரம் கொல்கத்தா. ஆகவே பிற நகரங்கள் என்ன செய்தன என்பதை எண்ணிப் பார்க்க இதுவே தக்க பொழுது.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக்க வேண்டும். டிராம் வண்டி முதுமையால் ஓய்வு பெறுவது அரிது. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் உருள்வதால் பெட்டிக்கு அதிர்ச்சி குறைவு. மின்மோட்டாரில் தேயும் உறுப்புகள் சிலவே, அவற்றைப் புதுப்பிக்கலாம். பயணிகள் அமரும் பெட்டி தனி. அதைத் தாங்கும் சக்கரத் தொகுதியாகிய போகி தனி. போகியைக் கழற்றிப் பணிமனையில் செப்பனிட்டு மீண்டும் பொருத்தினால் வண்டி இன்னும் பல்லாண்டு ஓடும். இத்தாலியின் மிலான் நகரில் 1928இல் பணிக்கு வந்த வரிசையைச் சேர்ந்த டிராம்கள் இன்றும் அன்றாடப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தெருப் போக்குவரத்து ஆணையராக இருந்த பீட்டர் விட் என்பவர் வகுத்த அமைப்பைத் தழுவி அவை கட்டப்பட்டன. பிறந்த நாட்டில் அந்த அமைப்பு எப்போதோ மறைந்துவிட்டது. மிலான் மக்களோ அந்த மர இருக்கைகளில் இன்றும் அமர்ந்து அலுவலகம் செல்கிறார்கள். ஆகவே ஒரு டிராம் ஓய்வு பெறும் காரணத்தை அதன் அச்சிலோ மோட்டாரிலோ தேடிப் பயனில்லை. அக்காரணம் நகர மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது.

வண்டி ஏலத்துக்கு வந்ததும் முதலில் பிரிவது செம்பு. மோட்டார்ச் சுருள், மின்கம்பி, வெண்கலத் தாங்கி, எஃகுச் சக்கரம் ஆகியவற்றுக்கே சந்தையில் விலை உண்டு. அவை போனபின் எஞ்சுவது மரமும் தகரமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு கூடு. அதைப் பிரித்தெடுக்கும் கூலிகூடத் தேறாது என்பதால் தீ வைப்பதே எளிய வழியாயிற்று. இலண்டன் 1952 சூலை 5ஆம் நாள் இரவில் தன் டிராம்களுக்கு விடை கொடுத்தது. தெருவெங்கும் மக்கள் திரண்டு கடைசி வண்டியைத் தொட்டு வழியனுப்பினார்கள். அவ்வண்டிகள் சார்ல்டன் பகுதியில் பென்ஹால் சாலையில் இருந்த முற்றத்துக்கு அணி அணியாகச் சென்று எரிந்தன. சிட்னி நகரம் 1961 பிப்ரவரியில் தன் பெரும் டிராம் அமைப்பை மூடியது. ராண்ட்விக் பணிமனையை அடுத்த மேடு, வண்டிகளை எரித்து எரித்து அத்தொழிலாலேயே பெயர் பெற்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பசிபிக் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சிவப்பு வண்டிகள் டெர்மினல் தீவின் பழைய இரும்பு முற்றத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்த காட்சியை 1956இல் எடுத்த ஒளிப்படம் இன்றும் காட்டுகிறது. கண்ணாடிகூட உடையாத வண்டிகள் அவற்றுள் இருக்கின்றன. அந்த நகரமே பின்னாளில் பெரும் பொருள் செலவிட்டுப் புதிய மின்தொடர் தடங்களை அமைத்தது என்பதை எண்ணும்போது அப்படத்தைப் பார்ப்பது எளிதாக இல்லை.

தீக்குத் தப்பிய பெட்டிகள் மனிதர் கையில் வேறு உருவம் எடுத்ததும் உண்டு. இதில் நெஞ்சைத் தொடுவது சான்பிரான்சிஸ்கோவின் வரலாறு. மின்டிராம் வந்ததால் வேலை இழந்த குதிரை டிராம் பெட்டிகளை அந்நகரின் மார்க்கெட் தெரு இரயில்வே நிறுவனம் 1895இல் விற்பனைக்கு விட்டது. இருக்கையோடு வேண்டுமானால் 20 டாலர். இருக்கை இல்லாமல் 10 டாலர். நகரின் மேற்கு ஓரத்தில் பசிபிக் கடலை ஒட்டி வெறும் மணற்குன்றுகள் கிடந்தன. அந்நிலத்தின் உரிமையாளரும் அப்போதைய நகரத் தலைவருமான அடால்ஃப் சூட்ரோ, பெட்டிகளை வைத்துக்கொள்ள அங்கே இடம் கொடுத்தார். முதலில் ஒரு காப்பிக் கடை வந்தது. பிறகு மிதிவண்டிச் சங்கத்துப் பெண்கள் ஒரு பெட்டியை எடுத்துத் தங்கள் கூடுமிடமாக்கிக் கொண்டனர். இசைவாணர்கள் வந்தனர், வாடகை கொடுக்க இயலாத குடும்பங்கள் வந்தன. இரண்டு மூன்று பெட்டிகளைச் சேர்த்து அறைகளாக்கினார்கள். ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி மாடி வீடாக்கினார்கள். காருவில் என்று பெயர் பெற்ற அக்குடியிருப்பில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய நூறு பெட்டிகள் இருந்தன. நிலத்தின் விலை ஏறியதும் காலம் மாறியது. முறையான வீடுகள் எழுந்தன. பெட்டி வீடுகள் வட்டாரத்தின் மதிப்பைக் குறைப்பதாகக் கருதப்பட்டன. 1913 சூலை 4ஆம் நாள், நாட்டின் விடுதலை விழாவன்று, பழைய பெட்டி ஒன்றை ஊரார் கூடி நின்று எரித்துப் புதிய காலம் பிறந்ததாகக் கொண்டாடினர். டிராம் பெட்டிகளை உள்ளே கொண்ட வீடு ஒன்று இன்றும் அக்கடற்கரைச் சாலையில் இருக்கிறது.

எந்த அரசும் திட்டம் தீட்டாமல், ஏழைகளும் கலைஞர்களும் தாமே கண்ட பயன் அது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் போகியை இழந்த பெட்டிக்கு நிலத்தின் விலை ஏறும்வரைதான் ஆயுள் என்பதையும் காருவில் காட்டிவிட்டது. பண்ணைகளில் வைக்கோல் அறையாகவும் கோழிக்கூடாகவும் சாலையோர உணவுக்கடையாகவும் முடிந்த ஆயிரக்கணக்கான பெட்டிகளின் கதையும் இதுவே. மழை கூரையைத் துளைத்தது. கறையான் சட்டத்தை அரித்தது. 1950களின் இறுதியில் தென் கலிபோர்னியக் கடலில், மீன்களுக்கு உறைவிடமாகட்டும் என்று மர டிராம் பெட்டிகளை மூழ்கடித்தார்கள். மரத்தைத் துளைக்கும் கடல் உயிரிகள் சில ஆண்டுகளில் அவற்றைத் தின்று தீர்த்தன.

ஓடும் நிலையிலேயே வேறு ஊருக்குக் கைமாறிய வண்டிகளுக்கு இதைவிட நல்வாழ்வு வாய்த்தது. இலண்டன் கைவிட்ட ஃபெல்தம் வகை வண்டிகளை லீட்சு நகரம் வாங்கி 1959 வரை ஓட்டியது. லிவர்பூலின் பச்சை வண்டிகள் 46 கிளாஸ்கோவுக்குப் போயின. லாஸ் ஏஞ்சல்ஸின் வண்டிகள் கெய்ரோவிலும், டொராண்டோவின் வண்டிகள் அலெக்சாந்திரியாவிலும், வாஷிங்டன் வண்டிகள் போஸ்னியாவின் சராயேவோவிலும் ஓடின. பணக்கார நகரம் பழையது என்று கழித்ததை வேறொரு நகரம் வாழ்வாதாரமாகப் பெற்றுக்கொண்டது. ஆனால் இந்தக் கைமாற்றத்துக்கு ஓர் இயற்கை எல்லை உண்டு. தண்டவாளங்களின் இடைவெளி ஊருக்கு ஊர் வேறு. டொராண்டோவின் தடம் 1495 மில்லிமீட்டர். பிலடெல்பியாவின் தடம் வேறு. ஐரோப்பாவின் பல நகரங்களில் 1435. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரும் உக்ரைனின் வின்னித்சியா நகரும் ஒரு மீட்டர் தடம் கொண்டவை. அதனால்தான் சூரிச் கழித்த 116 டிராம்கள் 2011க்குள் வின்னித்சியாவைச் சென்றடைந்தன. வண்டிகளோடு உதிரிப் பாகங்களும் பணிமனைப் பயிற்சியும் சென்றன. பல ஆண்டுகளுக்குப் பின், போர் நடக்கும் காலத்திலும், அந்நகருக்குச் சூரிச் மேலும் டிராம்களை அனுப்பியது. கொடுப்பவர் பொறுப்போடு கொடுத்தால் பழைய வண்டி எவ்வளவு மதிப்புடைய கொடையாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெற்றுக்கொள்ளும் பண்பில் ஜப்பானின் ஹிரோசிமாவுக்கு இணையாக ஒரு நகரத்தைச் சொல்வது கடினம். 1945 ஆகசுட்டு 6ஆம் நாள் அணுகுண்டு விழுந்தபோது அந்நகரின் டிராம்கள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பல வண்டிகளைப் பள்ளி வயதுப் பெண்கள் ஓட்டினர். மூன்றாம் நாள், ஆகசுட்டு 9 அன்று, தடத்தின் ஒரு பகுதியில் டிராம் மீண்டும் ஓடியது. குண்டுவீச்சில் சிதைந்து, செப்பனிடப்பட்ட 651, 652 என்னும் எண்கள் கொண்ட வண்டிகள் 1942இல் கட்டப்பட்டவை. அவை முக்கால் நூற்றாண்டைக் கடந்தும் பயணிகளை ஏற்றின. ஓய்வு பெற்றிருந்த 653ஆம் வண்டியை, எழுபதாம் நினைவாண்டான 2015இல் பழைய வண்ணம் பூசி மீண்டும் தடத்தில் இறக்கினர்.

ஹிரோசிமா தன் வண்டிகளை மட்டும் காக்கவில்லை. 1960களிலும் 70களிலும் ஜப்பானிய நகரங்கள் ஒவ்வொன்றாக டிராமைக் கைவிட்டன. ஒசாகாவும் கோபேயும் கியோத்தோவும் கழித்த வண்டிகளை ஹிரோசிமா வாங்கியது. 1978இல் டிராம் நின்றுபோன கியோத்தோவிலிருந்து வந்த வண்டிகளுக்கு அந்நகரின் கோயில்கள், இடங்களின் பெயர்களையே சூட்டியது. வந்த ஊரின் வண்ணத்தையும் மாற்றவில்லை. செருமனியின் ஆனோவர் நகரம் உறவு நகரக் கொடையாக ஒரு வண்டி அனுப்பியது. அதுவும் அங்கே ஓடியது. நாட்டின் ஓய்வுபெற்ற டிராம்கள் பலவற்றுக்கு அடைக்கலம் தந்த ஊர் என்று ஹிரோசிமாவைச் சொல்லலாம். இதற்கெல்லாம் அடிப்படையாக இருந்தது ஒரு நிருவாக முடிவு. 1963இல் அந்நகரமும் பிறவற்றைப் போலவே மோட்டார் வண்டிகளை டிராம் தடத்தின் மேல் செல்ல அனுமதித்தது. டிராம்கள் நெரிசலில் சிக்கின, பயணிகள் குறைந்தனர். 1971இல் காவல்துறை அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. தடம் மீண்டும் டிராமுக்கே உரியதாயிற்று, பயணிகள் திரும்பினர். அந்த ஆணை பிறக்காதிருந்தால் கியோத்தோவின் வண்டிகளுக்குச் சென்றடைய ஓர் ஊர் இருந்திராது.

நாம் சொல்ல வந்தது இதுதான். டிராமைக் காப்பது என்றால் பெட்டியைக் காப்பது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். தண்டவாளம், மேலே மின்கம்பி, பழுது பார்க்கும் பணிமனை, அங்கே கைத்திறன் உடைய தொழிலாளர் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சுவது காட்சிப் பொருளே. ஆர்வலர்கள் இதை அரசுகளுக்கு முன்பே உணர்ந்தார்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1939இல் இளைஞர் சிலர் பணம் திரட்டி, பிடிஃபோர்டு–சாகோ நிறுவனத்தின் 31ஆம் எண் திறந்த டிராமை 150 டாலருக்கு வாங்கினார்கள். இன்று உலகின் மிகப் பெரிய டிராம் அருங்காட்சியகங்களுள் ஒன்றான சீசோர் அதிலிருந்தே பிறந்தது. இங்கிலாந்தில் 1948இல் ஆர்வலர்கள் சவுத்தாம்டன் நகரின் 45ஆம் வண்டியைப் பத்துப் பவுண்டுக்கு வாங்கினார்கள். நிறுத்தி வைக்க இடமின்றி அலைந்து, இறுதியில் டெர்பிசையரின் கிரிச் கல்லுடை குழியில் தடம் அமைத்தார்கள். டொராண்டோவின் 1326ஆம் வண்டி உடைக்கப்படாமல் இருக்க 1953இல் தொடங்கிய முயற்சிதான் கனடாவின் ஆல்ட்டன் அருங்காட்சியகம். அவர்கள் டொராண்டோவின் அளவிலேயே தடம் பதித்தார்கள்; அதனால்தான் அந்நகரம் பின்னர் கழித்த வண்டிகளும் அங்கே ஓட இடம் கிடைத்தது. வண்டியை வாங்கிய கையோடு அதற்குரிய தடத்தை வாங்க எண்ணிய அறிவை நாம் வணங்குகிறோம்.

நகரத் தெருவிலேயே இதைச் செய்து காட்டியது சான்பிரான்சிஸ்கோ. அந்நகரின் டிராம்கள் 1980களின் தொடக்கத்தில் மார்க்கெட் தெருவின் அடியில் வெட்டிய சுரங்கத்துக்கு இறங்கிவிட்டன. மேலே இருந்த தண்டவாளத்தைப் பெயர்க்காமல் விட்டிருந்தார்கள். புகழ்பெற்ற கேபிள் வண்டிகள் பெரும் சீரமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த 1983 கோடையில், அந்தப் பழைய தடத்தில் பல ஊர்களின் பழைய டிராம்களை ஓட்டி ஒரு விழா நடத்தினார்கள். மக்கள் திரண்டார்கள். விழா ஆண்டுதோறும் 1987 வரை தொடர்ந்தது. 1995 செப்டம்பர் 1 அன்று அது நிலையான எஃப் தடமாகியது. 2000இல் மீனவர் துறை வரை நீண்டது. பிலடெல்பியாவில் கழித்த பிசிசி வகை வண்டிகள் செப்பனிடப்பட்டு, அவ்வகை வண்டிகள் ஓடிய வெவ்வேறு நகரங்களின் வண்ணங்களைத் தாங்கி அங்கே ஓடுகின்றன. மிலானிலிருந்து வந்த 1928ஆம் ஆண்டு வண்டிகளும் அவற்றோடு ஓடுகின்றன. அலுவலகம் செல்பவர்களும் ஏறுகிறார்கள். சுற்றுலா வருபவர்களும் ஏறுகிறார்கள். 1983இல் அந்தத் தண்டவாளம் இல்லாதிருந்தால் இவற்றில் எதுவும் நடந்திராது.

டெக்சசின் எல் பாசோவில் 1974இல் டிராம் நின்றது. 1937இல் சான் டியேகோவுக்காகக் கட்டப்பட்டு, எல் பாசோவுக்கு விற்கப்பட்டு, எல்லை கடந்து மெக்சிகோவின் சியூடாட் குவாரெஸ் வரை பயணிகளை ஏற்றிச் சென்ற வண்டிகள், விமான நிலையத்தை அடுத்த பாலை நிலத்தில் நாற்பது ஆண்டு வெயிலில் நின்றன. வறண்ட காற்று அவற்றைத் துருவிலிருந்து காத்தது. ஆறு வண்டிகளைப் புதுப்பித்து 2018 நவம்பரில் மீண்டும் ஓட்டினர். தடத்தை மட்டும் புதிதாகப் பதிக்க வேண்டியிருந்தது. பெருஞ்செலவு அதற்கே ஆனது. நியூ ஆர்லியன்சின் வரலாறு வேறு வகை. செயின்ட் சார்லஸ் தடத்தின் பச்சை டிராம்கள் 1920களில் கட்டப்பட்டவை. 2005 கத்ரினா புயல் வெள்ளத்தில் கெனால் தெருத் தடத்தின் புதிய சிவப்பு வண்டிகள் பணிமனையிலேயே நீரில் மூழ்கின. பழைய வண்டிகள் மேடான கிடங்கில் நின்றதால் தப்பின. செயின்ட் சார்லஸ் தடத்தின் மின்கம்பிகளைப் புயல் அறுத்துவிட்டதால், எண்பது வயது கடந்த அப்பச்சை வண்டிகள் கெனால் தெருவுக்கு வந்து நகரத்தைச் சுமந்தன.

தவறிய முயற்சிகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சியாட்டில் நகரம் மெல்பர்னின் பழைய டபிள்யூ வகை டிராம்களை வாங்கி 1982 முதல் துறைமுகத் தெருவில் ஓட்டியது. மக்கள் விரும்பிய தடம் அது. சிற்பப் பூங்கா ஒன்றுக்காக 2005இல் அதன் பணிமனை இடிக்கப்பட்டது. தற்காலிக நிறுத்தம் என்றார்கள், வேறு பணிமனை கட்டப்படவில்லை, தடம் இறந்தது. வண்டிகளும் தடமும் நல்ல நிலையில் இருக்க, பணிமனை ஒன்று இல்லாமையால் நேர்ந்த முடிவு அது. மெம்பிசு நகரமும் மெல்பர்ன் வண்டிகளை ஓட்டியது. 2013, 2014 ஆண்டுகளில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்துத் தீப்பற்றவே, போக்குவரத்து முழுவதும் நிறுத்தப்பட்டு, 2018இல்தான் மீண்டும் தொடங்கியது. பழைய வண்டியை ஓட்டுவதற்கு விருப்பம் மட்டும் போதாது. கம்பியின் காப்பு உறை எப்போது மாற்றப்பட்டது, மோட்டாரின் தூரிகை எவ்வளவு தேய்ந்தது என்று நாள்தோறும் பார்க்கும் கண்கள் வேண்டும்.

அவ்வண்டிகள் பிறந்த ஊரான மெல்பர்ன் இதில் இரு வகையாகவும் நடந்துகொண்டது. வெளிநாடுகளுக்கு விற்பதை மக்கள் எதிர்த்ததால் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1994 முதல் நகர மையத்தைச் சுற்றும் கட்டணமில்லாத் தடத்தில் டபிள்யூ வண்டிகள் ஓடலாயின. எஞ்சியவை நியூபோர்ட்டு பணிமனையில் பல்லாண்டு பூட்டிக் கிடந்தன. 134 வண்டிகளை 2018இல் பள்ளிகளுக்கும் சமூக அமைப்புகளுக்கும் ஆர்வலர்களுக்கும் அளிக்க விக்டோரியா அரசு முன்வந்தது. யாருக்கு எந்த வண்டி, என்ன பயனுக்கு என்பதை விண்ணப்பம் பெற்று முடிவு செய்தார்கள். எடைக்குப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நம் சென்னைக்கு இதில் பெருமையும் உண்டு, இழப்பும் உண்டு. இந்தியாவின் முதல் மின்டிராம் 1895 மே 7ஆம் நாள் சென்னையில்தான் ஓடியது. தரையடியில் பதித்த குழாய் வழியே மின்சாரம் எடுக்கும் அமைப்பு மழைநீருக்குத் தாங்காமல், பின்னர் மேல்கம்பிக்கு மாறியது. நிறுவனம் நட்டத்தில் விழுந்து 1953 ஏப்ரலில் டிராம்கள் நின்றன. வேப்பேரியில் இருந்த டிராம் பணிமனை நிலத்தைத் தந்தை பெரியார் வாங்கினார். அதுவே இன்றைய பெரியார் திடல். அந்நிலத்துக்கு ஒரு பெரிய பொது வாழ்வு கிடைத்தது. ஆனால் தண்டவாளம், கம்பி, பணிமனை, தொழிலாளர் என்னும் நான்கும் ஒரே ஆண்டில் கலைந்தபின் சென்னையில் டிராமை மீட்க வழி எதுவும் எஞ்சவில்லை.

கொல்கத்தாவுக்கு அந்த வழி இன்னும் அடைபடவில்லை. 1873 பிப்ரவரி 24 அன்று குதிரை டிராமும், 1902 மார்ச் 27 அன்று எசுப்பிளனேடு–கிதர்பூர் இடையே மின்டிராமும் ஓடிய நகரம் அது. 1943இல் ஔரா பாலம் திறந்தபோது அதன்மேல் முதலில் சென்ற வண்டி ஒரு டிராம் என்பர். 2024 செப்டம்பரில் மேற்கு வங்கப் போக்குவரத்து அமைச்சர், எசுப்பிளனேடு–மைதானம் இடையே ஒரு மரபுச் சுற்றுத் தடம் தவிர ஏனையவை நிறுத்தப்படும் என்று அறிவித்தார். வழக்கு கொல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நடக்கையிலேயே பல தெருக்களில் தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றப்பட்டது. தமிழகத்தைச் சேர்ந்தவரும் அப்போதைய தலைமை நீதிபதியுமான டி.எஸ். சிவஞானம் தலைமையிலான அமர்வு அச்செயலைக் கேள்விக்கு உட்படுத்தியது. நீதிமன்றம் எழுப்பிய கேள்வி சரியானது. வண்டியை எப்போது வேண்டுமானாலும் செப்பனிடலாம். மூடிப் பெயர்த்த தடத்தை மீண்டும் பதிக்க எல் பாசோ கொடுத்த விலையைக் கொல்கத்தா கொடுக்க இயலாது.

அரசு சொல்லும் காரணத்தை நாம் புறந்தள்ளவில்லை. கொல்கத்தாவில் சாலைக்குக் கிடைத்துள்ள இடம் குறைவு, நெரிசல் கடுமை, மெதுவாகச் செல்லும் டிராம் பின்னால் வரும் வண்டிகளைத் தடுக்கிறது என்னும் குறையும் உண்மையே. ஆனால் டிராம் மெதுவாகிப்போனது எதனால்? அந்நகரில் முன்பு பல இடங்களில் டிராமுக்கென்றே ஒதுக்கிய தனித்தடம் இருந்தது. அதைச் சாலையோடு சமமாக்கிப் பிற வண்டிகளுக்குத் திறந்துவிட்டார்கள். ஹிரோசிமா 1963இல் செய்ததும் இதையே; 1971இல் அது தன் பிழையைத் திருத்திக்கொண்டது. கொல்கத்தா திருத்திக்கொள்ளவில்லை. தடத்தைப் பறித்துக்கொண்டபின் வண்டியைக் குற்றம் சொல்வது நேர்மை ஆகாது.

மைதானத்துச் சுற்றுத் தடம் ஒன்று போதும் என்னும் எண்ணமும் பிழை. சில வண்டிகள் ஓடும் ஒரு சிறு தடத்துக்காக நோனாபுகூர் போன்ற பெரிய பணிமனையை எந்த அரசும் நெடுநாள் வைத்திருக்காது. பணிமனை போனால் என்ன ஆகும் என்பதைச் சியாட்டில் காட்டிவிட்டது. போகியை இறக்கி ஏற்றத் தெரிந்த தொழிலாளர்கள் ஓய்வு பெறுகிறார்கள். அவர்களிடம் கற்க இளைஞர்கள் இல்லை. எசுப்பிளனேடில் 1938ஆம் ஆண்டுப் பெட்டியில் 2014இல் திறந்த சிற்றருங்காட்சியகம் பாராட்டத்தக்கது. ஆனால் நின்றுபோன பெட்டிக்குள் பழைய பயணச்சீட்டுகளைப் பார்க்க வரும் பிள்ளைக்கு, டிராம் எப்படித் திரும்பும், எப்படி மணி அடிக்கும் என்பதைக் காட்ட இயலாது. மெல்பர்ன் டிராம் நடத்துநர் ராபர்ட்டோ டி'ஆண்ட்ரியாவும் நண்பர்களும் 1996 முதல் இரு நகரங்களையும் இணைத்து நடத்திவரும் டிராம் யாத்திரை என்னும் விழா, ஓடும் வண்டிகளால்தான் நடந்தது.

ஆகவே மேற்கு வங்க அரசை நாம் கேட்டுக்கொள்வது இது. மீதமுள்ள தண்டவாளத்தின் மேல் இனித் தார் ஊற்ற வேண்டாம். மக்கள் உண்மையாகவே வேலைக்குச் செல்லும் இரண்டு தடங்களையேனும், அவற்றை இணைக்கும் பணிமனையோடு, அன்றாடப் போக்குவரத்தாக நடத்த வேண்டும். இயன்ற இடங்களில் பழைய தனித்தடத்தை மீட்டுத் தர வேண்டும். நோனாபுகூரில் இளைஞர்களைப் பயிற்சிக்குச் சேர்க்க வேண்டும். கழிக்கப்படும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் கட்டிய ஆண்டையும் நிலையையும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டு, கேட்கும் பள்ளிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் போகியோடும் மோட்டாரோடும் முழுமையாக அளிக்க வேண்டும். அப்பட்டியல் வெளிவரும் வரை ஒரு வண்டியும் ஏலத்துக்குப் போகலாகாது.

கொல்கத்தா செல்லும் நம் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அங்கே ஓடும் தடம் எதுவாயினும் கட்டணம் கொடுத்து ஏறிப் பயணம் செய்யுங்கள். டிராமுக்கு ஆள் இல்லை என்று அரசு சொல்லும்போது அதை மறுக்கக் கூடியது விற்ற பயணச்சீட்டின் எண்ணிக்கை ஒன்றுதான்.